சோலைப் பூச்சிகளைப் படமெடுக்கச் சிறிய ஃபிளாஷே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி லாங்வுட் சோலையின் நிழலில் சிலந்திகளையும் வண்டுகளையும் படமெடுக்க வரும் இளைஞர்கள், கனமான ஃபிளாஷைச் சுமந்து சோர்வதைக் காண வருத்தமாக உள்ளது. மிக அருகிலிருந்து படமெடுக்கும் மேக்ரோ லென்ஸில் பூச்சியின் உண்மையான அளவிலேயே பிம்பம் விழும்போது, எஃப் 11 துளை ஒளியளவில் ஏறத்தாழ எஃப் 22 ஆகிவிடுவதால் (இந்த எண் கூடக் கூட உள்ளே நுழையும் ஒளி குறையும்) ஃபிளாஷ் தேவைதான். ஆயினும் பூச்சி லென்ஸின் முனைக்கு மிக அருகில் இருப்பதால், இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்கும் சிறிய ஃபிளாஷே போதும். லென்ஸின் முனைவரை நீளும் வெள்ளை ஃபோம் தாளால் ஒளியைப் பரப்பினால், வண்டின் முதுகில் விழும் வெண்திட்டின் கடுமை தணியும். ஃபிளாஷின் திறனைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒளிவீச்சின் நேரமும் குறுகி, கைநடுக்கம் படத்தில் பதிவாகாது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில், படத்தில் பதியவிருக்கும் ஒளியளவை முன்கூட்டியே திரையில் காட்டும் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை அணைக்காவிட்டால் திரை இருண்டுவிடும் என்பதை எனக்குக் கடையில் எவரும் சொல்லவில்லை. இத்தகைய செய்முறைகளைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
கோத்தகிரி