வட்டம் போட்ட படங்கள்

கவென்ட்ரி,
27.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, அக்கா, குட்டி எல்லோரும் நலமா? நீ அனுப்பின பார்சல் போன மாசமே வந்துவிட்டது. முறுக்குக்கு நடுவில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த கடிதத்தை அன்றைக்கே படித்துவிட்டேன். பதில் எழுதத்தான் இவ்வளவு நாளாகிவிட்டது. திட்டாதே. போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை அப்பா பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்காவை வாசிக்கச் சொல்லு.

பனி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சின்ன மாமாவும் போட்டோ அனுப்பச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டார். பனியே இல்லை அம்மா. ஈயம் போன பாத்திரம் மாதிரி ஒரு வானம், நசநசவென்று ஈரம், நாலு மணிக்கெல்லாம் இருட்டு, அவ்வளவுதான். இந்தக் கிறிஸ்துமஸில் நான் பனியைப் பார்த்தது பக்கத்து வீட்டுப் பாட்டியின் டிவியில்.

பாட்டியைத் தெரியும் இல்லையா? தப்பான நாளில் குப்பைத்தொட்டியை வெளியே வைத்ததற்குக் கதவைத் தட்டி எனக்கு வகுப்பெடுத்தாரே, அவர்தான். எண்பது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் போய்ப் பல வருஷம். அவருக்கு இப்போது ஒரே ஆதாரம் ரேடியோ டைம்ஸ் என்கிற பத்திரிகை. பேர்தான் ரேடியோ, உள்ளே பெரும்பாலும் டிவி நிகழ்ச்சிதான். மற்ற நாளில் வாரம் ஒன்று வரும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரே தடிப் புத்தகமாகப் போடுகிறார்கள். 1969இல் ஆரம்பித்த பழக்கமாம்.

நம்ம கணக்கு மாமா முகூர்த்தம் பார்க்கப் பஞ்சாங்கம் புரட்டுவாரே, அதே தோரணைதான் பாட்டிக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்கு நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிப்பார். சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டால் கட்டாயம் பார்க்க வேண்டிய படம். நீலம் என்றால் தூக்கம் வராவிட்டால் பார்ப்பது. பென்சிலால் குறுக்கே கோடு கிழித்துவிட்டால், ‘இதை எடுத்தவனுக்கு வேறு வேலை இல்லை’ என்று அர்த்தம். இரண்டு சிவப்பு வட்டம் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அல்லாடுவார். “ஒன்றை ரெக்கார்ட் பண்ணிக்கொள்ளலாமே பாட்டி” என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். பரீட்சையில் பிட் அடிக்கச் சொன்ன மாதிரி பார்த்தார்.

1991 வரைக்கும் அந்தப் பத்திரிகையில் பிபிசி நிகழ்ச்சி மட்டும்தான் இருக்குமாம். ஐடிவி என்கிற இன்னொரு சேனலில் என்ன படம் என்று தெரிய வேறொரு பத்திரிகை வாங்கணும். வீட்டுக்காரர் கையில் ஒன்று, இவர் கையில் ஒன்று, சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவார்களாம். அந்தச் சண்டையைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாகப் பாட்டி சிரித்துப் பார்த்தேன்.

என் அறையில் டிவி இல்லை. எனக்கு எங்கே நேரம்? அதோடு இங்கே சேனல் பார்க்க லைசென்ஸ் வேறு, வருஷத்துக்கு 169 பவுண்டு 50 பென்ஸ். தாத்தா அந்தக் காலத்தில் ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டினதாகச் சொல்வாரே, அது இங்கே இன்னும் போகவில்லை. வேலையெல்லாம் நன்றாகத்தான் போகிறது. பண்டிகை அவசரம் முடிந்ததால் இந்த வாரம் கொஞ்சம் குறைவாகக் கூப்பிடுகிறார்கள், அதனால் நல்ல ஓய்வு.

இருபத்தைந்தாம் தேதி இங்கே பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. காலை பதினோரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். மறுபடியும் குப்பைத்தொட்டியோ என்று பயந்துகொண்டே திறந்தேன். “இரண்டு நாளாக உன் ஜன்னலில் வெளிச்சமே இல்லையே, ஊருக்குப் போய்விட்டாயோ என்று நினைத்தேன்” என்றார் பாட்டி. சீக்கிரமே தூங்கிவிடுகிறேன் என்று சொல்லிவைத்தேன். சாப்பிட வா என்றார். அவர் வீட்டில் ஹீட்டர் நன்றாக எரிகிறது, அதனால் ராத்திரிவரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டைக் கேட்பாய். முழுக்கோழி, அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு, கோலிக்குண்டு அளவில் ஒரு முட்டைக்கோஸ். மார்கழியில் கோழியா என்று ஆரம்பிக்காதே, கூப்பிட்டவர் மனசு நோகக்கூடாதே. அப்புறம் மின்ஸ் பை என்று ஒன்று. பேரைக் கேட்டுக் கொத்துக்கறி என்று நினைத்துத் தள்ளிவைத்தேன். உள்ளே உலர்ந்த திராட்சையும் பட்டை, கிராம்பு வாசனையும்தான், நம்ம சோமாசிக்குத் தூரத்துச் சொந்தம். நான் மீதியிருந்த உன் முறுக்கைக் கொண்டுபோனேன். பாட்டி அதை டீயில் முக்கி ஊறவைத்துச் சாப்பிட்டார். நீ பார்த்திருந்தால் அழுதிருப்பாய்.

மூன்று மணிக்கு இந்த நாட்டு ராஜா சார்லஸ் டிவியில் பேசினார். நம்ம வீட்டில் தீபாவளிக்குச் சாலமன் பாப்பையா பட்டிமன்றம் மாதிரி இங்கே அது. 1932இல் ரேடியோவில் தொடங்கி, 1957இலிருந்து டிவியிலும் வருகிறது. இந்த வருஷம் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி சொன்னார், அவருக்கும் மருமகளுக்கும் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்ததல்லவா. சாயங்காலம் பிபிசியில் வாலஸ், குரோமிட் என்று களிமண் பொம்மைப் படம், புதுசு. பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி எடுப்பது. ஒரு பெங்குவின்தான் வில்லன். அது தலையில் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கோழி வேஷம் போடுகிறது, எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். குட்டிக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஸ்னோமேன் என்கிற படம். 1982இல் வந்தது, வருஷா வருஷம் போடுகிறார்கள். அரைமணி நேரம் கூட இல்லை. நடுவில் ஒரு பாட்டு, மற்றபடி பேச்சே கிடையாது. ஒரு பையன் பனியில் மனுஷன் பொம்மை செய்கிறான்; ராத்திரி அது உயிர் பெற்று அவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் உருகிக் கிடக்கிறது. படத்தில்தான் பேச்சில்லை என்றால், பார்த்தபோது அந்த வீட்டிலும் பேச்சில்லை. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கிறது. விளம்பரம் வந்ததும் பாட்டி போனை எடுத்து, வேறு ஊரில் இருக்கிற தங்கையைக் கூப்பிட்டார். அவரும் அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நிமிஷம் பேசினார்கள், விளம்பரம் முடிந்ததும் வைத்துவிட்டார்கள். பிபிசியில் விளம்பரம் கிடையாது என்பதால் அதில் படம் பார்க்கிற அன்று முடியும்வரை காத்திருப்பார்களாம்.

அம்மா, எனக்கு அப்போது நம்ம வீட்டுக் கூடம் கண்ணில் வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு எல்லோரும் பாயில். ‘இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ என்று அத்தை அந்தக் குரலிலேயே சொல்வார். இந்தச் சேனலா அந்தச் சேனலா என்று எனக்கும் அக்காவுக்கும் அடிதடி. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டே அப்பா தூங்குவார், மாற்றினால் மட்டும் முழிப்பார். ஒரு விளம்பர இடைவேளைக்குள் நீ சாம்பாரே வைத்து இறக்கிவிடுவாய். கரண்ட் போனால் மீதிக் கதையை அத்தை சொல்வார், அது படத்தைவிட நன்றாக இருக்கும். அந்தச் சத்தத்தில் ஒரு படத்தைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை. ஒரு வருஷம் ரிமோட் பேட்டரியைக் கழற்றி அரிசி டிரம்மில் ஒளித்தது நான்தான். அக்கா, இதை வாசிக்கிறாய் இல்லையா, மன்னித்துவிடு. அன்றைக்கு அடி உனக்கு விழுந்தது.

நேற்று பாட்டி பத்திரிகையையும் நீலப் பேனாவையும் என் பக்கம் தள்ளி, “உனக்கு வேண்டியதில் வட்டம் போடு” என்றார். அத்தனை பக்கம், அத்தனை படம், எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒவ்வொரு நேரத்தோடும் ஐந்தரை மணி கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நாளைக் காலை பத்தரைக்கு இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் வட்டம் போட்டேன். அங்கே சாயங்காலம் நாலு மணி, நீ காபி போட்டுக்கொண்டு உட்காருகிற நேரம். அது பாட்டி பென்சிலால் கோடு கிழித்த படம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. ரப்பரைத் தேடி எடுத்துக் கோட்டை அழித்தார்.

பொங்கலுக்கு எந்தச் சேனலில் என்ன படம் என்று தெரிந்ததும் அக்காவை மெசேஜ் போடச் சொல்லு. பதினோரு மணிப் படம் என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை, எழுந்துகொள்வேன். விளம்பரத்தில் கூப்பிடுகிறேன், போனை ஸ்பீக்கரில் போடு, அப்பாவிடம் கொடுக்காதே.

கண் விஷயம். உன் கடிதத்தில் எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கிப் போகிறது, ‘பத்திரம்’ என்று எழுதினதன் மேலேயே ‘முறுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். கண்புரையை இனித் தள்ளிப்போடாதே. பொங்கல் முடிந்த வாரமே நாள் வாங்கச் சொல்லு. துணைக்கு ரேஷன் கடைச் சித்தப்பா வேண்டாம், ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சண்டை இழுப்பார். மாடிவீட்டு அக்கா வந்தால் நல்லது.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். பண்டிகைக்காகச் சம்பளத் தேதியை மாற்றினதில் கணக்கு இடித்துவிட்டது, வேறொன்றும் இல்லை. அக்கா சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கச் சொல்லு. அசலைப் பங்குனிக்குள் அனுப்பிவிடுகிறேன். மச்சானிடம் நானே பேசுகிறேன், நீ எதுவும் சொல்ல வேண்டாம். கொல்லைப்பக்கக் கூரை ஓடுகளை மழைக்கு முன்னால் மாற்றினால் போதும், இப்போது அவசரமில்லை.

அப்பாவுக்கு மாத்திரை மறக்காமல் கொடு.

அன்புடன்,
உன் மகன்

பி.கு.: அடகுச் சீட்டு பீரோ மேல்தட்டில், உன் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பேங்குக்குப் போகும்போது அக்காவின் ஆதார் கார்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லு.