ஒக்கியில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அன்பான அண்ணன்மாரே, அக்காமாரே, ஃபாதர், சிஸ்டர்மாரே, இயேசுவுக்கே புகழ்.

மூத்தவள் நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் சம்பளத்தில் அன்பியத்துக்கு, நம் பங்கின் அக்கம்பக்கத்துச் செபக் குழுவுக்கு, ஏதாவது செய் என்றேன். "அது இருக்கட்டும்மா, மொதல்ல நீங்க எல்லாருக்கும் ஒரு நன்றி எழுதுங்க" என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, குமரி மாவட்டக் கரையில் இரயுமன்துறை முதல் நீரோடி வரை எங்கள் எட்டு ஊர் ஆண்களில் பலர் தங்கல் தொழிலுக்கு, பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்தார்கள். செய்தி வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. பிள்ளைகளின் அப்பா ஒரு போட்டில், என் தம்பி இன்னொரு போட்டில்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாள். அந்த வருசம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறும் அன்றுதான் வந்தது. 1544-ல் இந்தக் கரை வழியே நடந்துவந்து எங்கள் பாட்டன் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரின் திருநாள்; வீட்டோடு கிளம்பிப் போகிற நாள். நாங்கள் கடற்கரையில் நின்றோம். பக்கத்தில் யாரோ செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. அப்புறமும் நெடுநாள் வரவில்லை.

அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்த அன்பியத்து அக்காமாருக்குத்தான் என் முதல் நன்றி. "நீ சொல்லாண்டாம் மக்கா, நாங்க சொல்லுதோம்" என்று எனக்கும் சேர்த்து நீங்களே செபமாலை சொன்னீர்கள். முடிந்ததும் ஒருத்தி அடுப்பு பற்றவைப்பாள், ஒருத்தி சின்னவனைக் குளிப்பாட்டுவாள். உங்கள் வீட்டிலும் ஆள் வராமல் இருந்த நேரம் அது.

எல்லாம் தேவ சித்தம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. நல்ல மனதோடுதான் சொன்னார்கள், கோபமில்லை. ஆனால் துக்க வீட்டில் அந்த வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது என் எண்ணம். ஃபாதர் அதைச் சொல்லவே இல்லை. இயேசு புயலை அடக்கினாரே, என் வீட்டுக்காரருக்கு ஏன் அடக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன். படகில் இருந்த சீடர்களும், சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று அவரைத் தட்டி எழுப்பித்தான் கேட்டார்கள், நீயும் கேள் என்றார். அன்று ராத்திரி கேட்டேன், திட்டித்தான் கேட்டேன். புயலுக்குப் பிறகு நான் செய்த முதல் செபம் அதுதான்.

அரசாங்கத் தேடலை மட்டும் நம்பியிராமல், சொந்தப் போட்டில் டீசலும் ஐஸும் ஏற்றித் தேடிப் போன ஊர்ப் பையன்களுக்கு நன்றி. தம்பி இருந்த போட்டு என்ஜின் நின்று, அலை இழுத்த இழுப்பில் லட்சத்தீவில் கல்பேனிப் பக்கம் ஒதுங்கியது. சோறு போட்டு, உடுத்தத் துணி கொடுத்து, வீட்டுக்குப் பேச போனும் கொடுத்த அந்தத் தீவின் இஸ்லாமியச் சகோதரர்களுக்கு எங்கள் தாய் இன்றும் ராத்திரி செபத்தில் ஒரு அருள்நிறை மரியே வைக்கிறாள். அவர்களுக்கு இது தெரியாது.

கேரளத்துப் பிணவறைகளில் ஆள் அடையாளம் பார்க்க என்னைக் கூப்பிட்டபோது, "பிள்ளை வராண்டாம், நான் பாத்துட்டு வாறேன்" என்று எனக்குப் பதிலாகப் போன உபதேசியார் அண்ணனுக்கு என்ன சொல்வது? தண்ணீரில் கிடந்த உடம்பில் முகம் தெரியாது. கழுத்தில் உத்தரியம், மாதா பேரில் நாங்கள் போடும் சின்னத் துணிப் பட்டை, கிடக்கிறதா, அதன் கயிறு என்ன நிறம் என்றுதான் பார்த்தாராம். நான் நீல நூலில் பின்னிக் கொடுத்தது. இல்லை என்று சொல்ல வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுகொள்வார், உள்ளே வரமாட்டார். ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பார்த்ததிலும் பொருந்தவில்லை.

உடல் கிடைக்காதவரை இறந்தவராகச் சட்டம் கருத ஏழு வருசம் ஆகும். ஒக்கியில் போனவர்களுக்கு அதைத் தளர்த்தினார்கள், இருபது லட்சமும் வந்தது. அதற்கான தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். போட்டால் நானே அவரை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. சிஸ்டர் வற்புறுத்தவில்லை. பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தார். "இது பிள்ளைகளுக்கான தாள். நீ அவருக்காகக் காத்திருக்கிறதுக்கும் செபிக்கிறதுக்கும் எந்தத் தாளும் தடையில்லை" என்றார். அந்தப் பணத்தில்தான் மூத்தவள் படித்தாள்.

கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி வைக்க எங்களைப் போன்றவர்களுக்குக் குழி கிடையாது. தன் புருசனின் கல்லறையில் பாதி இடத்தை எனக்கு விட்டுத்தரும் மைனிக்கும் நன்றி. என் திரி அணைந்தால் அவள்தான் பற்றவைக்கிறாள்.

வருகிற நவம்பர் 30 சாயங்காலம் நம் கோயிலில் நினைவுத் திருப்பலி இருக்கிறது. மன்றாட்டு வாசிக்க மூத்தவள் லீவு போட்டு வருகிறாள். பூசை முடிந்ததும் டீயும் பன்னும் எங்கள் செலவு. சொல்லாமல் எழும்பிப் போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரியும் பிள்ளைகளும்