பெயின்ட்டைப் பார்த்து ஆல்ஃபா வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் இத்தாலிய நிறுவனமான ஆல்ஃபா ரோமியோவின் ஜி.டி.வி.6 காருக்குக் கிடைத்த பாராட்டு நியாயமானதே. அந்த 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர் வி6 எஞ்சினின் சத்தத்துக்கு இணை கிடையாது. ஆனால் சத்தத்தைக் கேட்டதும், சிவப்புப் பெயின்ட்டின் பளபளப்பைக் கண்டதும் முன்பணத்தை நீட்டும் இளைஞர்கள் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பலர் இருக்கிறார்கள். 1980களின் கார் இது. ஆகக் கடைசியாக வந்ததற்கும் வயது 35-ஐத் தாண்டிவிட்டது. அதை வாங்குமுன் எதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று கட்டுரை சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கடிதம்.

முதலில் தகட்டைப் பாருங்கள், எஞ்சின் பிறகு. எஞ்சினுக்குப் பாகம் தேடிப் பிடிக்கலாம், செலவும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். துருவுக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. ஓர் இடத்தை வெட்டித் திறந்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு இடம் தெரியும். அதிலும் நம் கடற்கரையின் உப்புக்காற்றும் ஈரமும் இந்தக் காருக்குப் பெரும் பகை. கடலிலிருந்து வெகு தொலைவில், உயரத்தில் இருக்கும் ஜொஹானஸ்பர்க்கில் ஓடிய, எஞ்சின் தளர்ந்த கார் ஒன்றும், எஞ்சின் நன்றாக ஓடும் டர்பன் கார் ஒன்றும் எதிரே நின்றால், ஜொஹானஸ்பர்க் காரையே எடுக்கச் சொல்வேன். பத்திரத்தில் உள்ள ஊரை மட்டும் நம்பவேண்டாம். கார் எத்தனை வருடம் எங்கே நின்றது என்று பழைய சர்வீஸ் பில்களைக் கேட்டுப் பாருங்கள்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ (sill) எனப்படும் பகுதிதான் இந்த உடம்பின் முதுகெலும்பு. சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி அதன் மேல் நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பசைதான் இருக்கிறது. ஜாக் வைக்கும் இடம், முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ்மூலை, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பின்சக்கர வளைவின் உட்பக்கம், டிக்கிக் கதவின் ஓரம், ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றையும் இதேபோல் பார்க்க வேண்டும். பிறகு கார்ப்பெட்டைத் தூக்குங்கள். அடியில் ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகத் தார் பூசிய காரைக் கண்டால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு சொத்தென்று கேட்கும். இந்தக் காரின் கதவுகள் நீளமானவை. பாதி திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கும்போது கதவு ஆடினால் கீல் தேய்ந்திருக்கும். கீல் சரியாக இருந்தும் கதவின் இடைவெளி மேலும் கீழும் மாறினால் சில் தொய்ந்திருக்கலாம். அந்தக் காரை விட்டுவிட்டு வாருங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். போனட்டைத் தொட்டதும் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுங்கள். சரிவில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மீண்டும் மிதித்ததும் நீலப் புகை வந்தால் வால்வைத் தாங்கும் கைடும், அதில் ஆயில் இறங்காமல் தடுக்கும் சீலும் தேய்ந்திருக்கும். மிதிக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். சூடேறிய பிறகு, ஓடும்போது ஆயில் பிரஷர் தாராளமாக 4 பார் அளவில் நிற்க வேண்டும். ஆல்ஃபாவின் முள் பொய் சொல்வது வழக்கம். சந்தேகம் வந்தால் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி அளக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், ஆறு பிளக்குகளும் கழற்றப்பட வேண்டும், பெட்ரோல் பம்ப் ரிலேயும் இக்னிஷனும் துண்டிக்கப்பட வேண்டும், காற்று நுழையும் த்ராட்டில் முழுவதும் திறந்திருக்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதை விட, ஆறு சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஜொஹானஸ்பர்க்கில் எடுத்த அளவு டர்பனில் எடுத்ததை விடக் குறைவாகவே வரும்; இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட். இந்த எஞ்சினின் லைனர்கள், அதாவது பிஸ்டன் ஓடும் உருளைகள், குளிர்விக்கும் தண்ணீரில் நிற்பவை. ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் லைனர்களை அழுத்திப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றியிருந்தால் கீழ்ச் சீல் கிளம்பி, தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மூடியின் உட்பக்கம் மோர் நிறத்தில் படிவு இருக்கிறதா பாருங்கள்.

வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை அலட்சியம் செய்யவே கூடாது. தொழிற்சாலை கொடுத்த, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தில் இயங்குவது. அதன் சீல் கசிந்தால் ஆயில் பெல்ட்டில் படும், பெல்ட் பல் தாண்டும், வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். கவரின் அடியில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பலர் பின்னாளில் மெக்கானிக்கல் டென்ஷனரைப் பொருத்தியிருப்பார்கள், அது நல்லதே. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு எத்தனை வருடம் ஆனது என்பதையும் கேட்க வேண்டும், நின்றுகொண்டே ரப்பர் கிழடாகும். பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே கொண்டு விலையில் கழியுங்கள். எஞ்சினுக்கு மேலே ஓடும் பெட்ரோல் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால், வீட்டுக்கு ஓட்டிச் செல்லும் முன்பே மாற்றிவிடுங்கள். தீ விபத்தோடு விளையாடக் கூடாது.

இந்தக் காரின் கிளட்சும் கியர்பாக்ஸும் பின்னால் இருக்கின்றன. அதனால் எஞ்சினிலிருந்து பின்னால் செல்லும் நடு ஷாஃப்ட் எப்போதும் எஞ்சின் வேகத்திலேயே சுழலும், கிளட்சை மிதித்தாலும் நிற்காது. அதை இணைக்கும் மூன்று ரப்பர் கப்ளிங்குகள் காலப்போக்கில் வெடிக்கும். சோதிப்பது எளிது: காரை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை மெல்ல உயர்த்துங்கள். நின்ற இடத்திலேயே அதிர்வு வந்தால் கப்ளிங்கையோ ஷாஃப்ட்டின் பாலன்ஸையோ பார்க்க வேண்டும். சாலை வேகத்தோடு மட்டும் வந்தால் சக்கரத்தைப் பாருங்கள். இரண்டாம் கியர் குளிரில் சற்று முரண்டு பிடிப்பது இந்த காரின் குணம். சூடான பிறகும் கரகரத்தால் கியர் மென்மையாகச் சேர உதவும் சிங்க்ரோ போய்விட்டது. பின் பிரேக் டிஸ்க்குகள், இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருப்பதால் பலரும் அங்கே கை வைப்பதில்லை. டிஃபரன்ஷியல் சீல் கசிந்து டிஸ்க்கில் ஆயில் படிந்திருக்கிறதா என்று லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்பது அவசியம். ஓட்டிப் பார்க்க, டர்பனுக்கு அருகிலுள்ள பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் மலையேற்றச் சாலையில் ஏறுங்கள், வெயில் நேரத்தில். வெப்பமானியின் முள் மேலே ஏறி நிற்கிறதா, திரும்புகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

விற்பவர் 3.0 லிட்டர் என்று சொன்னால் கூடுதல் கவனம் தேவை. பந்தயத்துக்காக நம் நாட்டில், பிரிட்ஸ் ஊரிலிருந்த ஆல்ஃபா தொழிற்சாலையில் சுமார் 200 மட்டுமே செய்தார்கள். பெரும்பாலானவற்றில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்கள் ஆறு இருக்கும், போனட்டில் மேடு இருக்கும். பிற்காலத்து 3 லிட்டர் எஞ்சினைச் சாதாரண 2.5-இல் இறக்கி, அந்த அரிய காரின் விலையைக் கேட்பவர்களும் உண்டு.

சாலையில் ஓடத் தகுதியானது என்று கூறும் ரோட்வர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அது விளக்கு, பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றை அந்த நாளில் பார்த்தது. பெல்ட்டையும் கம்ப்ரெஷனையும் பார்ப்பதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் உலோகத்தில் பொறித்ததோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாறியிருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தனியாள் விற்கும்போது ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்; இருப்பது இருக்கிறபடி என்பதே அதன் பொருள். தெரிந்தே மறைத்த குறைக்கு அது விற்றவரைக் காப்பாற்றாது, ஆனால் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. ஆகவே ‘சில் வெட்டிப் பற்றவைக்கப்பட்டதா, ஹெட் கழற்றப்பட்டதா, பெல்ட் எப்போது மாறியது’ என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்