கடிதத்தின் தலையில் ஒரு ஸ்தோத்திரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம்.

நாற்பது ஆண்டுகளாக உனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் இந்தச் சொல்லை எழுதிவருகிறேன். இன்றுதான் எழுதிய பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன். உன் மனைவியை அடக்கம்பண்ணிவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று மாலையே ஒருவர் உன் கையைப் பிடித்து, "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிடுங்கள், ஆறுதல் வரும்" என்றதாகவும், அதிலிருந்து அந்தச் சொல்லே உன் வாயில் வர மறுப்பதாகவும் எழுதியிருந்தாய். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த நேரத்தில் பேசாமல் உனக்கு ஒரு வாய் காப்பி கொடுத்திருக்கலாம்.

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயத்தில் 'தெகில்லீம்', அதாவது துதிகள் என்று பெயர். அப்படிப் பெயர் வைத்த புத்தகத்தில் அழுகையும் முறையீடும்தான் எவ்வளவு! 22ஆம் சங்கீதம் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கி, மூன்றாம் வசனத்திலேயே "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்" என்கிறது. கேட்ட கேள்விக்கு இடையில் பதில் எதுவும் வந்துவிடவில்லை. 88ஆம் சங்கீதமோ துதிக்குத் திரும்பாமலே முடிந்துவிடுகிறது, அதையும் யாரும் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கேயருக்கு "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதானே எழுதினார், எல்லாவற்றுக்காகவும் என்று இல்லையே என்று நான் சொன்னால், எபேசியருக்கு "எல்லாவற்றிற்காகவும்" என்றும் எழுதியிருக்கிறாரே என்று நீ உடனே மடக்குவாய். மடக்கு, அந்த வசனத்தின் முன் நானும் இன்னும் விழித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

ஜெர்மனியில் ஐலன்பர்க் ஊரின் போதகராயிருந்த மார்ட்டின் ரிங்கார்ட்டை அண்மையில் அடிக்கடி நினைக்கிறேன். முப்பதாண்டுப் போர்க்காலத்தில், 1637இல், அந்த ஊரைக் கொள்ளைநோய் தாக்கியபோது அவர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடக்கம்பண்ணினார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். கர்த்தருக்கு நன்றி செலுத்த அழைக்கும் அவருடைய புகழ்பெற்ற பாட்டு, சாப்பாட்டு மேசையில் சொல்லும் சிறு ஜெபமாகப் பிறந்தது. அந்த மேசையில் ஓர் இடம் காலியான பிறகு அவர் அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர்ச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரை புரண்டபோது, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை உனக்கு அப்போதே எழுதியிருந்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவருக்கு ஆற்றோரம் போட்டிருந்த வாழை முழுவதும் சாய்ந்து அழுகிப்போனது. அதன்பின் அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்; நாங்களும் வற்புறுத்தவில்லை. அடுத்த அறுப்பின் பண்டிகையன்று, ஆராதனை முடிந்து முற்றத்தில் காணிக்கையாய் வந்த தேங்காய், கோழி, பூசணிக்காய் என்று ஏலம் நடந்துகொண்டிருக்கையில், அவர் தோளில் ஒரு வாழைத்தாரோடு வந்து சேர்ந்தார். சேற்றில் தப்பிய ஒரு பக்கக்கன்று ஈன்ற தார் அது. நாலே சீப்பு, அதிலும் கடைசிச் சீப்பில் காய்கள் விரல் பருமனுக்கு மேல் இல்லை. "பாட்டுப் பாட வாய் வரல அண்ணாச்சி, அதான் தாரக் கொண்டாந்தேன்" என்றார். ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுக்க, மறுபடியும் கூவினார்கள். மூன்றாம் முறை அது எனக்கு விழுந்தது. அவரோ உள்ளே போகாமல், வேப்பமரத்தடியில் நின்று தன் தார் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

துதி என்பது மகிழ்ச்சியின் மிச்சம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவரிடம் மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை. நேர்ந்ததை நல்லது என்று அவர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. இருந்த நாலு சீப்பை யாருடைய முற்றத்தில் கொண்டுபோய் வைப்பது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பழங்களை வீட்டில் பழுக்கவைத்தோம். சிறியவையானாலும் நல்ல இனிப்பு. உன் மனைவி இருந்திருந்தால் பாதியை உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருப்பாள்.

எங்கள் கோயிலின் அசன விருந்துக்கு இந்த ஆண்டு நீ வந்தால், அவரோடு உன்னைப் பந்தியில் உட்காரவைக்கிறேன். அவர் அதிகம் பேசமாட்டார், அது உனக்கு ஒத்துவரும். பதில் எழுதும்போது, தலையில் ஸ்தோத்திரம் என்று எழுத மனம் வராவிட்டால், அந்த இடத்தை வெறுமையாக விட்டு நேரே செய்தியைத் தொடங்கிவிடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்