நாலாவது கேள்வி

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு ராத்திரி

பாப்பா,

மூலிகையும் மாத்திரையும் உடம்பில் மோதிக்கொள்வதைப் பற்றின உன் ஆராய்ச்சிக்கு நீ அனுப்பின கேள்வித்தாள் வந்தது. தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க நைனா என்று சொன்னாய். எழுத்துப் பிழை இரண்டு இடத்தில்தான், வட்டம் போட்டிருக்கிறேன். அது கிடக்கட்டும். நாலாவது கேள்விதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. ‘தற்போது மூலிகை மருந்துகள் ஏதேனும் உட்கொள்கிறீர்களா?’

போன வாரம் மூன்று நாள், நம் நாட்டு மருந்துக் கடைக்கு வந்தவர்களிடம் அதையே கேட்டுப் பார்த்தேன். கையில் சிறுகுறிஞ்சான் பொட்டலம், வாயில் ‘அதெல்லாம் இல்லப்பா’. ஒரு பெரியவர் நாவல்கொட்டைப் பொடியும் ஆவாரம்பூவும் கால் கால் கிலோ கட்டச் சொல்லிவிட்டு, ‘மருந்தா? சுகர் மாத்திரை மட்டுந்தான் போடுறேன்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம் ஜனங்களுக்கு மருந்து என்றால் அட்டையில் வருவது. நம் கடையில் இருப்பது சரக்கு. வீட்டில் அரைத்துக் குடிப்பது சாப்பாடு. நீ அங்கே அமெரிக்காவில் ஸ்போக்கேனில் உட்கார்ந்து இந்தத் தாளை எண்ணினால், வண்ணாரப்பேட்டையில் ஒருத்தரும் மூலிகையே தொடுவதில்லை என்றுதான் கணக்கு வரும்.

வேறு மாதிரி கேட்டேன். ‘காலைல வெறும் வயித்துல இன்னா குடிப்ப?’ கொட்டிவிட்டார்கள். வெந்தயம் ஊறின தண்ணீர், அருகம்புல் சாறு, பாகற்காய் சாறு, 2020-ல் பழகின கபசுரக் குடிநீரை இன்னும் விடாதவர் ஒருத்தர். ஒரு அம்மா தைராய்டு மாத்திரையைக் காபித்தூளும் போட்ட சுக்கு காபியோடு முழுங்குகிறாளாம். காபியோடு போட்டால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது என்று நீ சொன்னதைச் சொன்னேன். ‘அப்போ நாலு வருஷமா நான் முழுங்கினது?’ என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. காசிமேட்டு மீன்கார அக்கா, நீ சின்ன வயசில் வஞ்சிரத் துண்டு வாங்கித் தின்னுவாயே, அவள் இரண்டு வருஷத்துக்கு முன் விடியற்காலை ஏலத்திலேயே வேர்த்து விழுந்துவிட்டாள். யாரோ கலர் சோடா வாங்கி வாயில் ஊற்றினதில் எழுந்தாள். சுகர் இறங்கிவிட்டது. டாக்டர் கொடுத்தது சுகரைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை. வீட்டில் தினம் ஒரு டம்ளர் பாகற்காய் சாறு. அதன் மேல் சிறுகுறிஞ்சான், நான் கட்டிக் கொடுத்தது. மூன்றும் ஒரே வேலையைச் செய்கிற ஆட்கள், ஒருத்தன் இருப்பது இன்னொருத்தனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் கேட்கவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமே வந்து அதே பொடியைக் கேட்டாள். அதுதான் என்னை அடித்தது.

பாகற்காயும் குளோர்ப்ரோபமைடு என்ற சுகர் மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று 1979-லேயே லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள் என்று நீ ஒருநாள் போனில் சொன்னாய். அந்த வருஷம் நான் உன் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் மடித்தேன், ஒரு தடவையும் அந்தச் செய்தி இந்தத் தெரு வரைக்கும் வரவில்லை.

நீ சொன்ன இன்னொரு வகை எனக்குப் புரிய நாளாச்சு. புரிந்தவரை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. ஒரு சரக்கு தானாக ஒன்றும் செய்யாமல், குடலிலும் ஈரலிலும் நிற்கிற வாசல்காரனை மடக்கிவிடும். அவன் உள்ளே விடவேண்டிய மாத்திரையின் அளவு ஏறும், இல்லை இறங்கும். மிளகிலும் திப்பிலியிலும் இருக்கிற பைப்பரின் இதில் கெட்டிக்காரன். 1998-ல் பெங்களூரில் மஞ்சளில் இருக்கிற குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்கிற குர்குமின் 20 மடங்கு ஏறியதாம். மஞ்சளோடு மிளகு தட்டிப்போடுகிற உன் ஆயாவுக்கு இது செய்தியே இல்லை. ஆனால் அதே மிளகு வலிப்பு மாத்திரை ஃபெனிடாயினையும் ஏற்றிவிடும் என்பது செய்திதான். ரசத்து மிளகுக்கு நான் பயப்படவில்லை. மாத்திரை வடிவத்தில் மிளகுச் சாரத்தை அடைத்து ‘நூறு சதம் இயற்கை’ என்று விற்கிறார்களே, அதற்குத்தான்.

உங்கள் பக்கத்து மூலிகையான கோல்டன்சீல் வேர், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை ரத்தத்தில் சேர்வதைக் கிட்டத்தட்டக் கால்வாசி குறைத்துவிட்டது என்று சொன்னாயே, அதில் இருக்கிற பெர்பரின் என்ற சத்து நம் மர மஞ்சளிலும் உண்டு. அங்கேதான் உன் தாளில் இன்னொரு ஓட்டை. ‘மஞ்சள்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். விரலி மஞ்சள் வேறு, கஸ்தூரி மஞ்சள் வேறு, மர மஞ்சள் கிழங்கே கிடையாது, அது ஒரு கொடியின் தண்டு. ராசப்ப செட்டித் தெருவில் மொத்தமாக வாங்கும்போதே நான் உடைத்து மோந்து பார்த்துத்தான் எடுப்பேன். 2021-ல் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் கெட்டதாக மும்பை டாக்டர்கள் எழுதியபோது, அது சீந்தில் இல்லை, அதன் பங்காளிக் கொடியாக இருக்கலாம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று நான் பேச வரவில்லை. பொட்டலத்தில் இருந்தது எது என்று யாராவது எடுத்து வைத்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. உன் ஆட்களை, பேரை எழுதிக்கொள்வதோடு ஒரு சிட்டிகை சரக்கையும் வாங்கி வைக்கச் சொல்.

ஆயா நன்றாக இருக்கிறாள். இதய வால்வு மாற்றினபோது ‘கீரையே தொடாதீங்க’ என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தர் சொல்லிவிட்டார், அந்த அம்மா முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிட்டாள், ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை மட்டும் அதே அளவு. கீரை அந்த மாத்திரையை மட்டுப்படுத்துகிற ஆள். 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்கவேண்டிய ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற கணக்கு, 5-ஐத் தாண்டி, பல் விளக்கினால் ரத்தம். நீதான் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, இப்பவே டாக்டர்கிட்ட போங்க, கீரையை நிறுத்தறதும் தப்பு, ஒருநாள் கட்டுக்கட்டா திங்கறதும் தப்பு, அளவு மாறாம சாப்பிடணும் என்று சொன்னாய். இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஒரு கைப்பிடி. அளந்து போடுவது நான். ‘எண்ணி எண்ணிக் கீரை போடுற பிள்ளையைப் பெத்தேன்’ என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வகை மாத்திரையே கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்ததில் இருந்து கண்டுபிடித்தது, 1948-ல் எலி மருந்தாக விற்றார்கள் என்று அவளிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். இரண்டு நாள் மாத்திரையை முழுங்க வைக்கப் பட்ட பாடு!

உன்னோடு வேலை செய்கிற பையன் வீடியோவில் ‘நாட்டு மருந்து எல்லாம் குப்பை அங்கிள்’ என்று சிரித்தான். கோபம் வந்தது, உனக்காக அடக்கிக்கொண்டேன். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற டாக்டர் 1949-ல் சர்ப்பகந்தா என்ற மூலிகையை வைத்து ரத்தக் கொதிப்பு இறங்குவதைக் காட்டினாரே, அது எந்தக் குப்பையில் இருந்து வந்தது என்று அவனைக் கேள். குப்பையாக இருந்தால் உங்களுக்கு ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை. வேலை செய்கிற சரக்குதான் மாத்திரையோடு மோதும்.

கடையில் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். மாத்திரை அட்டையைக் கொண்டுவா, பார்த்துவிட்டுத்தான் கட்டுவேன் என்கிறேன். பாதிப் பேர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அதிமதுரம் கேட்டால் பி.பி. இருக்கா, நீர் போகிற மாத்திரை உண்டா என்று கேட்கிறேன். பொட்டாசியம் இறங்கும், பி.பி. ஏறும் என்று நீ சொன்னது மனசில் நிற்கிறது. உன் அம்மா, ‘விக்க உக்காந்தியா, விசாரணை பண்ண உக்காந்தியா’ என்கிறாள்.

புதுக் கவர் அடிக்கக் கொடுக்கப்போகிறேன். சாமி படத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. ‘மாத்திரை சாப்பிடுபவர்கள் கடைக்காரரிடம் சொல்லவும்’ என்று எழுதினேன், ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கிறது. நீ ஒன்று எழுதி அனுப்பு. மீன்கார அக்கா படித்தால் புரியவேண்டும். அச்சகக்காரர் புதன்கிழமைக்குள் கேட்கிறார்.

நைனா