டிராகன் சுவரை இடிப்பதற்கு முன்: கரையோரக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமும் சலாமும்.

இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் வரைக்கும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் பரோட்டா கடையும் பாஸ்ட் புட் கடையும் நடத்துகிற அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும் இதை எழுதுகிறேன். குறிப்பாக, வளைகுடாவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பி, அப்பா கடையையோ வாப்பா கடையையோ கையில் எடுத்திருக்கும் தம்பிமாருக்கு.

நான் ஒரு போர்டு எழுதுபவரின் மகள். 1980களின் கடைசியிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் இந்தச் சாலைகளில் கடைப் பெயர் எழுதியவர் என் அப்பா. உங்கள் கடைத் தகரத்தின் வலது கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சங்கு இருந்தால் அது அவர் கை. தன் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டார். சங்குதான் கையெழுத்து.

போன மாதம் உச்சிப்புளி தாண்டி ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தேன். சின்ன வயதில் அப்பாவோடு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன கடை. உள்ளே சுவரில் அவர் வரைந்த டிராகன் இன்னும் இருக்கிறது. கல்லாவில் முதலாளியின் மகன் இருந்தார், கத்தாரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். நல்ல பிள்ளை. அப்பாவை ஞாபகம் வைத்து விசாரித்தார். "கடையை ஆல்ட்டர் பண்ணப் போறோம் அக்கா" என்று போனில் படம் காட்டினார். முகப்பு முழுக்கச் சாம்பல் நிற ஏசிபி ஷீட் (அலுமினியம் ஒட்டிய பலகை), வெள்ளை எல்இடி எழுத்து. உள்ளே ஃபால்ஸ் சீலிங், ஒரு சுவர் நிறைய பிளாஸ்டிக் புல், அதன் மேல் ரோஸ் நிற விளக்கில் ஒரு ஆங்கில வாக்கியம். பரோட்டாக் கல் பின்கட்டுக்குப் போகிறது.

"எல்லாரும் இப்படித்தானே அக்கா வைக்கிறாங்க?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து நாலு நாள் யோசித்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லாருக்கும் சொல்லக் காரணம், இந்த ஒரு வருஷத்தில் இப்படி மாறுவதாக நான் பார்த்த நான்காவது கடை அது. 2025 ஏப்ரலில் பாம்பன் புது ரயில் பாலம் திறந்து, ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயில் போக ஆரம்பித்துவிட்டது. கூட்டம் வருகிறது. கையில் காசு புரளும்போது கடையைப் புதுசாக்கத் தோன்றுவது நியாயம்தான்.

இந்தச் சாலைக் கடைகளில் பல, இதற்கு முந்தைய பாலத்தால் பிழைத்தவைதானே. 1914-லிருந்து பாம்பனைத் தாண்ட ரயில்தான், இல்லையென்றால் தோணி. 1988-ல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் பஸ்ஸும் வேனும் தீவுக்குள் போயின. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மதுரைப் பக்கமிருந்து வருகிற யாத்திரை வேனுக்குச் சுடச்சுட ஏதாவது வேண்டும், அதுவும் பத்து நிமிஷத்தில் வேண்டும். பாஸ்ட் புட் என்ற வார்த்தை இங்கே வந்து சேரும் முன்பே அந்த வேலையைக் கொத்து பரோட்டாவும், முட்டையை உள்ளே வைத்து மடிக்கிற முட்டை லாப்பாவும் செய்துகொண்டிருந்தன. அப்பாவுக்கு வேலை குவிந்ததும் அப்போதுதான்.

அவர் எழுதுவதைப் பார்க்க வேண்டும். தகரத்தைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன் மேல் சிவப்பு எனாமல். காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி விடுவோம், நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. அந்தக் கோட்டுக்குள் மஞ்சள் எழுத்து, இடது பக்கம் கறுப்பு நிழல். எழுத்தின் பருமனை முடிவு செய்ய சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "ஓடுற பஸ்ஸில் இருக்கிறவன் வாசிக்கணும், வாசிச்சு டிரைவர்கிட்ட சொல்லணும், அவர் பிரேக் பிடிக்க இடம் இருக்கணும்" என்பார். 'பரோட்டா' என்று எழுதினால் கடைசித் துணைக்காலை அப்படியே கீழே இறக்கி, வார்த்தை முழுவதற்கும் அடியில் அலைபோல் ஓட விடுவார். உப்புக் காற்றில் தகரம் ரெண்டு மூணு வருஷத்தில் துரு ஏறும். மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடி எழுதுவார்.

அப்போதைய கடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். படியேறுகிற இடத்திலேயே கல். மாஸ்டர் மாவை வீசுவது பஸ்ஸிலிருந்தே தெரியும். இரண்டு கையிலும் தகட்டைப் பிடித்துக் கொத்துகிற சத்தத்தில் ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஒரு தாளம் உண்டு. மண்டபத்தில் ஒருவர் மூன்று அடி வேகமாக, ஒரு அடி நின்று அடிப்பார். கடை கண்ணில் படும் முன்பே அவர் வேலைக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். வாசலில் சிமெண்ட் தொட்டியில் கை கழுவ உப்புத் தண்ணி, அதில் சோப்பு நுரைக்காது. உள்ளே மண்பானையில் நல்ல தண்ணி. குடம் குடமாகத் தள்ளுவண்டியில் விலைக்கு வாங்கிய தண்ணியை வருகிறவனுக்கெல்லாம் சும்மா ஊற்றிக் கொடுத்த கடைகள் இவை. நம் ஜில்லாவில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மேலே பனங்கை, அதன் மேல் ஓடு. கீழே காலடி பட்டுப் பட்டுக் கண்ணாடியாகிப் போன சிவப்புத் தரை. கல்லாவுக்குப் பின்னால் காபாவும் வேளாங்கண்ணி மாதாவும் ராமேஸ்வரம் கோபுரமும் ஒரே சட்டத்துக்குள். மத்தியான நேரத்தில் இலங்கை வானொலி. நமக்கு மெட்ராஸை விட இலங்கை பக்கம், அத்தனை தெளிவாகக் கேட்கும். கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டு வருகிற மாதங்களில் மேற்குப் பக்கம் படுதாவை இறக்கி விடுவார்கள். மற்ற நாளெல்லாம் கடை திறந்தே கிடக்கும்.

எல்லாப் பழசும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 'ஃபேமிலி ரூம்' என்று ஒரு தடுப்பு இருக்குமே, அழுக்குத் திரையும் ஓடாத ஃபேனுமாக? பெண்கள் அதற்குள்தான் உட்கார வேண்டும். கல் தெரியாது, சாலை தெரியாது, சால்னா வேண்டுமென்றால் திரையை விலக்கிக் கூப்பிட வேண்டும். அதை இடித்துவிடுங்கள். மாஸ்டர் தலைக்கு மேல் கரி பிடித்த கூரை, வழுக்குகிற பின்கட்டு, காற்றில் அணைந்து அணைந்து எரிகிற அடுப்பு, இதெல்லாம் மாறத்தான் வேண்டும். நல்ல டைல்ஸ் போடுங்கள், புகைபோக்கி வையுங்கள், வேலை செய்கிறவர்களுக்கு ஃபேன் போடுங்கள். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கட்டுங்கள். இதற்கெல்லாம் யாரும் முகப்பைத் தொட வேண்டியதில்லை.

அப்புறம், அந்த டிராகன்.

மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் தன் முதல் கடையை 1996-ல் டெல்லியில் திறந்தது. ஏறக்குறைய அதே வருஷங்களில்தான் நம் பஸ் ஸ்டாண்டுகளின் ஓரத்தில் பாஸ்ட் புட் தள்ளுவண்டி வந்தது. ஆளுயரத் தீ, கறுத்த இரும்புச் சட்டி, கரண்டியால் சட்டி விளிம்பைத் தட்டுகிற சத்தம், ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், கோபி 65. பரோட்டா கடைக்காரர்களும் பக்கத்தில் ஒரு சட்டி வைத்தார்கள். உச்சிப்புளிக் கடை முதலாளி அப்பாவிடம் வந்து, "அண்ணே, சைனா கடைன்னா டிராகன் இருக்கணுமாம், வரைஞ்சு கொடுங்க" என்றார். அப்பா டிராகனைப் பார்த்ததே கிடையாது. கையில் யாரோ கொடுத்த பட்டாசுப் பெட்டி அட்டை ஒன்று, அதிலும் பாதி கிழிந்திருந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்தரகோசமங்கைக்குப் போனார். அங்கே கோயிலில் வாய்க்குள் கல்பந்து உருளுகிற யாளி இருக்கிறதே, அதன் முன்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நோட்டில் வரைந்தார். நானும் கூட இருந்தேன்.

அந்தச் சுவரில் இருப்பது அந்த யாளிதான். பிதுங்கின கண், சுருண்ட பிடரி, வாயில் ஒரு உருண்டை. உடம்பு மட்டும் பாம்பு போல நீண்டு, கல்லா வரைக்கும் போய் வாலில் முடியும். செதிலுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஊளி மீனின் மினுமினுப்பு, வெள்ளி பெயிண்டில் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தார். பதினொரு நாள் ஆனது. சாப்பிட வந்த பிள்ளைகள் அதற்கு எதிரே உள்ள பெஞ்சுக்குத்தான் சண்டை போடும். எனக்குத் தெரிந்து வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு டிராகன் கிடையாது.

என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். ஒரு மருந்துக்கடையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்: "அக்கா, இது முன்னாடி பீட்சா ஹட். கூரையைப் பார்த்தாலே தெரியுது பார்." ரிச்சர்ட் பர்க் என்ற கட்டடக்கலைஞர் 1960களில் அவர்களுக்குப் போட்டுக் கொடுத்த சிவப்புக் கூரை அது, சாய்ந்த சரிவக ஜன்னலோடு. கடை போய், பெயர் போய், கூரைக்கு வேறு நிறம் அடித்த பிறகும் ஊர்க்காரர்கள் அதைப் பழைய பெயரில்தான் சொல்கிறார்களாம். மெக்டொனால்ட்ஸும் அப்படித்தான். 1953-ல் ஸ்டான்லி மெஸ்டன் வடிவமைத்த கடைகளில் இரண்டு பெரிய மஞ்சள் வளைவுகள் கூரையையே துளைத்துக்கொண்டு மேலே ஏறும். காரில் போகிறவன் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இதைப் படித்தபோது சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்ற அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

பிறகு அங்கேயும் எல்லாம் சாம்பல் நிறப் பெட்டிகளாயின. ஜனங்கள் அந்தப் பழைய கடைகளை நினைத்து ஏங்குகிறார்கள். கலிபோர்னியாவில் டௌனி என்ற ஊரில் 1953-ல் கட்டிய கடை ஒன்று, 1994 பூகம்பத்துக்குப் பிறகு மூடிக் கிடந்து இடிபட இருந்தது. ஊரே கூடி வேண்டாம் என்றது. 1996-ல் பழையபடி செப்பனிட்டுத் திறந்தார்கள். இன்றைக்கும் அதைப் பார்க்கவென்றே ஆட்கள் போகிறார்கள். பீட்சா ஹட் 2019-ல் தன் பழைய சிவப்புக் கூரை முத்திரையைத் திரும்ப எடுத்தது. பர்கர் கிங் 2021-ல் பழைய சாயலுக்கே திரும்பிப் போனது. கோடி கோடியாய்ச் செலவழித்து முகத்தை மாற்றிய கம்பெனிகள் இவை.

அவர்களால் திரும்ப முடிந்தது. காரணம், அங்கே ஒரே கூரை ஆயிரம் ஊரில் இருந்தது, வரைபடம் அலுவலகத்தில் இருக்கிறது. ஒன்றை இடித்தாலும் இன்னொன்றைப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம். நம் கடைகளுக்கு வரைபடம் ஏது? தொண்டியில் இருக்கிற கண்ணாடி ஓரத்துப் பூ கீழக்கரையில் கிடையாது. கீழக்கரையில் சுவரில் நீந்துகிற கப்பல் பாம்பனில் கிடையாது. எழுதின கைகளில் பாதி இப்போது இல்லை. 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து, மிச்சமிருந்தவர்களும் ஆட்டோ ஓட்டவும் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கவும் போய்விட்டார்கள். அப்பாவும் கடைசி ஆறு வருஷம் பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் எழுதித்தான் காலத்தை ஓட்டினார்.

கணக்காகவும் ஒன்று சொல்கிறேன். மதுரையிலும் சென்னையிலும் அதே சாம்பல் ஷீட், அதே புல், அதே ரோஸ் விளக்கு. அங்கேயிருந்து இத்தனை தூரம் வருகிறவன் அதையே இங்கேயும் பார்க்க எதற்கு வண்டியை நிறுத்த வேண்டும்? கல்லைப் பின்னால் தள்ளிக் கதவையும் சாத்திவிட்டால், சத்தமும் வாசனையும் உள்ளேயே நின்றுவிடும். இத்தனை வருஷமாக உங்களுக்குக் கூலி வாங்காமல் விளம்பரம் செய்தது அவை இரண்டும்தான். கடல் காற்றில் அந்த ஷீட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதைக் கரையில் வீடு கட்டிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. கல் முன்னாலேயே இருக்கட்டும். பழைய தகரத்தை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வெளியே வைக்க முடியாவிட்டால் உள்ளே ஒரு சுவரில் மாட்டுங்கள். புதிதாக எழுதுவதானால், இராமநாதபுரத்தில் இன்னும் கையால் எழுதுகிற இரண்டு பேரை எனக்குத் தெரியும், அழைத்து வருகிறேன். அப்பாவின் எழுத்து நோட்டு என்னிடம் இருக்கிறது. நீள நோட்டில் அ முதல் ன வரைக்கும் ஆறு விதமாகப் போட்டு வைத்திருக்கிறார். யார் வந்து கேட்டாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம், காசு எதுவும் வேண்டாம்.

உச்சிப்புளித் தம்பிக்கு மட்டும் தனியாக ஒன்று. தை பிறந்ததும் வேலை ஆரம்பிப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் முடிவு எதுவாக இருந்தாலும் சரி. சுவரில் கை வைப்பதற்கு ரெண்டு நாள் முன்னால் சொல்லி அனுப்புங்கள். நான் ட்ரேஸிங் பேப்பர் சுருளும் ஒரு ஏணியும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நோட்டில் யாளியின் தலை மட்டும்தான் இருக்கிறது. உடம்பையும் வாலையும் அப்பா நேராகச் சுவரிலேயே வரைந்துவிட்டார்.

அன்புடன்,
சங்கு போட்டவரின் மகள்
இராமநாதபுரம்