ஆர்சியு: காப்புரிமை இருந்தது ஐபிஎம்மிடம்

ஆசிரியருக்கு,

எஸ்சிஓ, ஐபிஎம் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கைக் காப்புரிமை வழக்கு என்றே பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. 2003-இல் எஸ்சிஓ தொடுத்த வழக்கின் மையம், யுனிக்ஸ் இயங்குதளத்தின் உரிம ஒப்பந்தத்தை ஐபிஎம் மீறியது என்ற குற்றச்சாட்டு. அதில் அடிபட்ட, பல செயலிகள் ஒரே தரவைப் பகிர உதவும் 'ஆர்சியு' (RCU) நுட்பத்துக்கு 1995-லேயே சீக்வென்ட் என்ற கணினி நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது; 1999-இல் சீக்வென்டை வாங்கிய ஐபிஎம்மிடம் அது வந்து சேர்ந்தது. யுனிக்ஸ் உரிமத்தின் கீழ் உருவான டைனிக்ஸ் இயங்குதளத்தில் சீக்வென்ட் சொந்தமாக எழுதிச் சேர்த்ததையும் லினக்ஸ் என்ற திறந்தமூல இயங்குதளத்தில் வெளியிடக் கூடாது என்பது எஸ்சிஓ வாதம். கண்டுபிடித்தவர் கையையே கட்டிப்போடும் இந்த வாதம் அநியாயமானது.

பல செயலிகள் (புராசசர்கள்) ஒரே தரவைப் படிக்கையில், மற்றவற்றைக் காக்க வைக்கும் பூட்டை ஆர்சியு போடுவதில்லை. மாற்றும் செயலி நகலெடுத்துத் திருத்தி, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை அந்த நகலுக்குத் திருப்பும். பழையதை உடனே அழிக்காது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவை எல்லாம் முடியும்வரை காத்திருக்கும். லினக்ஸில் 2002-இல் சேர்ந்த வடிவத்தில், ஒவ்வொரு செயலியும் ஒருமுறை ஒரு வேலையை விட்டு வேறு வேலைக்கு மாறினால் பழைய வாசிப்புகள் முடிந்ததாகக் கணக்கு. படித்து முடிக்குமுன்பே நிரல் உறங்கினால் (செயலியை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தால்) அதுவும் வேலை மாற்றம்தான். அப்போது காத்திருப்பு முன்கூட்டியே முடிந்து, விடுவித்த நினைவகத்தையே நிரல் படிக்கும். சுட்டியைத் திருப்புமுன் நினைவகத் தடையை (எழுதும் வரிசை மாறாமல் காக்கும் கட்டளையை) விட்டுவிட்டால், பவர்பிசி போன்ற செயலிகளில் அரைகுறைத் தரவு வெளியே தெரியும்.

வழக்கு 2021-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

ஒரு வாசகர்